தேதி கடந்த கலர் பிலிம்: உங்களுக்குத் தெரியுமா?

பீரோவின் அடித்தட்டு, மூடிய ஸ்டூடியோவின் அலமாரி, வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பெட்டி என்று எங்காவது ஒரு கலர் பிலிம் ரோல் அகப்படும். அட்டையில் 1998 என்றோ 2003 என்றோ தேதி இருக்கும். அதைக் குப்பையில் போடுவதற்கு முன் இந்தத் துணுக்குகளைப் படித்துவிடுங்கள்.

அந்தத் தேதி எதற்கு?
கலர் பிலிமின் தேதி பெரும்பாலும் தயாரான நாளிலிருந்து இரண்டு, மூன்று ஆண்டு தள்ளி அச்சாகும். அதுவரை பிலிமின் வேகமும் (ஒளியை உணரும் திறன்) நிறமும் அட்டையில் உள்ளபடி இருக்கும் என்பது கம்பெனி தரும் உத்தரவாதம். சொன்னபடி குளுமையில் வைத்திருந்தால்தான் அதுவும் செல்லும். படம் எடுப்பதற்கு மட்டுமல்ல, கழுவி முடிப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கெடு. தேதி தாண்டிய மறுநாளே பிலிம் செத்துவிடாது. உத்தரவாதம் மட்டும் முடிந்துவிடும்.

ஒரு பிலிமுக்குள் மூன்று பிலிம்
கலர் நெகட்டிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒளியுணர் அடுக்குகள் உண்டு. மேலே இருப்பது நீல ஒளியைப் பிடிக்கும், நடுவில் இருப்பது பச்சையை, அடியில் இருப்பது சிவப்பை. கழுவும்போது இவை முறையே மஞ்சள், மெஜென்டா, சயான் சாயங்களாக மாறும். ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பிகள் போல, இந்த மூன்றும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. பழைய கலர் பிலிமில் படம் மங்குவதோடு நிற்காமல் நிறமும் திசைமாறுவது இதனால்தான். ஒரு ரோல் பச்சைக்குச் சாயும், இன்னொன்று மெஜென்டாவுக்குச் சாயும்.

கடுகு தின்ற மாடு
பிலிமின் வெள்ளி உப்புப் படிகங்களைத் தாங்கி நிற்பது ஜெலட்டின். மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. ஒரு சில ஜெலட்டின் மட்டும் பிலிமின் வேகத்தை ஏன் கூட்டுகிறது என்று 1920-களில் கோடாக் ஆய்வுக்கூடத்தின் சாமுவேல் ஷெப்பர்ட் ஆராய்ந்தார். மாடு தின்ற கடுகு போன்ற செடிகளிலிருந்து வந்த கந்தகச் சேர்மங்களே காரணம் என்று தெரிந்தது. கந்தகம் படிகத்தில் நுண்ணிய உணர்புள்ளிகளை உண்டாக்குகிறது. உணர்ச்சி மிகுந்த படிகம் வெயிலுக்கும் வயதுக்கும் எளிதில் ஆட்படும்.

ஒளி படாமலே ஒளிபட்டது போல
இருட்டு டப்பாவிலேயே கிடந்தாலும், வெப்பத்தால் சில படிகங்கள் வெளிச்சம் பட்டவை போல மாறிவிடும். கழுவும்போது அவையும் கறுக்கும். ரோல் முழுவதும் ஒரு மூட்டம் படரும். இதைத்தான் லேப்காரர்கள் 'ஃபாக்' என்கிறார்கள். படத்தின் நிழற்பகுதிகள் முதலில் இந்த மூட்டத்துக்குள் மறைந்துபோகும்.

வேகமான பிலிம் வேகமாக மூப்படையும்
வேக எண் ஐ.எஸ்.ஓ. 800, 1600 என்றுள்ள ரோல்களில் படிகங்கள் பெரியவை, உணர்ச்சி மிகுந்தவை. பத்து வருடத்திலேயே பாழாகிவிடக் கூடும். ஐ.எஸ்.ஓ. 100 ரோல் ஒன்று அதே அலமாரியில் இருபது வருடம் கிடந்தும் நல்ல படம் தரலாம். பழைய ரோல் வாங்குவதானால் குறைந்த ஐ.எஸ்.ஓ.வாகப் பார்த்து வாங்குங்கள்.

தேதியை விட இடம் முக்கியம்
ஃப்ரிட்ஜில் இருபது ஆண்டு இருந்த ரோல், வெயில் காயும் மாடியறையில் ஐந்து ஆண்டு கிடந்த ரோலை விடப் பன்மடங்கு நலமாக இருக்கும். விற்பவரிடம் தேதியைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே திறக்காதீர்கள்
குளிர்ந்த பிலிமின் மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். ஜெலட்டின் அதை உறிஞ்சிப் புள்ளி விழும். டப்பாவை மூடியபடியே சில மணி நேரம் வெளியில் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். கடலோர ஊர்களில் இன்னும் கவனம் தேவை. அங்கே ஈரத்தால் பூஞ்சையும் பிடிக்கும். ஜெலட்டின் அதற்கு நல்ல தீனி.

புரொஃபஷனல் ரோல் வேறு, சாதா ரோல் வேறு
சாதாரண ரோல்கள் கடை அலமாரியில் சில மாதம் கிடக்கும் என்று கணக்கிட்டு, அந்த முதிர்ச்சிக்கும் இடம்விட்டே தயாரிக்கப்பட்டன. புரொஃபஷனல் ரோல்களோ நிறம் சரியாக முதிர்ந்த நிலையில் ஆலையை விட்டு வெளிவந்தன. அதே நிலையில் நிறுத்தி வைக்கத்தான் அவற்றுக்குக் குளிர்சாதனம் கட்டாயம். பெட்டியில் புரொஃபஷனல் என்று இருப்பதால் மட்டும் பழைய ரோல் நன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஃப்ரீசரும் தடுக்காத எதிரி
குளிர், வெப்பத்தை மட்டுமே தடுக்கும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும், மண்ணிலும் கட்டடச் சுவரிலும் இயற்கையாக உள்ள கதிரியக்கமும் ஃப்ரீசருக்குள்ளும் புகும். ஆண்டுக்கணக்கில் அவை சேர்ந்து மூட்டமாகும். வேகமான பிலிமை இதுவே முதலில் தாக்கும்.

அணுகுண்டைக் காட்டிக்கொடுத்த பிலிம்
1945 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தது. பின்னர் கோடாக்கின் எக்ஸ்-ரே பிலிம்களில் காரணம் புரியாத புள்ளிகள் விழுந்தன. ஜூலியன் வெப் என்ற கோடாக் விஞ்ஞானி துருவிப் பார்த்தார். பிலிமுக்கு நடுவே வைக்கும் வைக்கோல் அட்டையில்தான் கோளாறு. ஆயிரம் மைலுக்கு அப்பால், இண்டியானா மாநிலத்தின் வின்சென்ஸ் ஊரில் இருந்த ஆலையில் தயாரான அட்டை அது. சோதனைத் தூசி அங்கே ஆற்று நீரில் கலந்து அட்டைக்குள் வந்திருந்தது. அதில் இருந்தது சீரியம்-141 என்று அவர் கண்டுபிடித்தார். 1949இல் அந்த ஆய்வு வெளியானது. பிலிம் வெளிச்சத்தை மட்டும் பதிவுசெய்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விமான நிலையத்தில் கவனம்
இப்போது பல விமான நிலையங்களில் வந்துள்ள சி.டி. ஸ்கேனர்கள் கழுவாத பிலிமைக் கெடுக்கும். பழைய ரோலில் ஏற்கெனவே மூட்டம் இருப்பதால் கூடுதல் கதிர் இன்னும் கேடு. தனிப் பையில் எடுத்துவைத்து, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். பரிசோதனைக்கு ஒப்படைக்கும் பெரிய பெட்டியில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள்.

பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப்
பழைய கலர் நெகட்டிவுக்குப் புகைப்படக்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு இது. தேதி கடந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட்ட வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு. 400 வேக ரோல் இருபது ஆண்டு கடந்ததா? கேமராவில் 100 என்று வையுங்கள். 200 வேக ரோல் பத்தாண்டு கடந்ததா? 100 போதும். ஃப்ரிட்ஜிலேயே இருந்ததென்றால் இதில் பாதி போதும். ஆணி அடித்த விதியல்ல, தொடங்குவதற்கு ஒரு நல்ல இடம்.

கூடுதல் வெளிச்சம் என்ன செய்கிறது?
மூட்டத்தை அது குறைக்காது. நிழற்பகுதிகளை மூட்டத்துக்கு மேலே தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தை நன்றாகப் பொறுத்துக்கொள்ளும், குறைவைப் பொறுக்காது. சந்தேகம் வந்தால் கூட்டியே எடுங்கள். நல்ல பகல் வெளிச்சமே பழைய ரோலுக்கு உற்ற துணை.

ஸ்லைடு பிலிமுக்கு இந்தக் கணக்கு ஆகாது
ஸ்லைடில் நேரடியாகப் பாசிட்டிவ் படம் விழுகிறது. கூடுதல் வெளிச்சம் பட்டால் வெளிர்ந்துபோகும். மூட்டம் ஏறினால் கறுப்பு கறுப்பாக நிற்காது, சாயம் கலங்கித் தெரியும். பழைய ஸ்லைடு ரோலை அட்டையில் உள்ள வேகத்திலோ, சிறிதளவு கூட்டியோ எடுப்பதே நல்லது. அதை நெகட்டிவுக்குரிய சி-41 ரசாயனத்தில் கழுவுவோரும் உண்டு. நிறம் முறுக்கேறி, கான்ட்ராஸ்ட் தூக்கலாக வரும்.

கேமராவை ஏமாற்ற ஒரு துண்டு டேப்
1983இல் கோடாக் கொண்டுவந்த டி.எக்ஸ். குறியீடு, ரோல் டப்பாவின் மேல் வெள்ளியும் கறுப்புமாகத் தெரியும் கட்டங்கள். தானியங்கிக் கேமரா அதைத் தொட்டுப் பார்த்தே பிலிமின் வேகத்தை அறிகிறது. வேகத்தைக் கையால் மாற்ற வழியில்லாத கேமராவில் அந்தக் கட்டங்களை டேப் ஒட்டி மறைத்தால், பெரும்பாலானவை 100 என்று எடுத்துக்கொள்ளும். இருபது வருடம் கடந்த 400 ரோலுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

மெதுவாகச் சுற்றுங்கள்
பழைய பிலிம் விறைத்து, சுருண்டு, முறியும் பதத்தில் இருக்கும். வேகமாகச் சுற்றினால் ஓரத்துளைகள் கிழியும். வறண்ட காற்றில் உராய்வு மின்சாரம் பொறிவிட்டு, படத்தில் மின்னல் கீற்று போன்ற கோடுகள் விழும். கைச்சுற்றுக் கேமராவே இதற்கு ஏற்றது. லீவர் இறுகினால் பலம் காட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

வானத்தில் எண்கள்
120 அளவு ரோலின் பின்னால் எண்கள் அச்சிட்ட காகிதம் சுற்றியிருக்கும். ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்தால், ஈரமும் சேர்ந்தால், அந்த எண்களும் புள்ளிகளும் பிலிமில் பதிந்து, படத்தின் வானத்தில் மிதக்கும். 35 மி.மீ. ரோலில் காகிதம் இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரே பெட்டியில் ஐந்து ரோல் கிடைத்தால்
ஒன்றைப் பரிசோதனைக்கு விடுங்கள். ஒரே காட்சியை 100, 50, 25 என்று வேகத்தை மாற்றி மாற்றி எடுத்துக் கழுவிப் பாருங்கள். மற்ற நான்கையும் எப்படி எடுப்பது என்று அந்த ஒன்றே சொல்லிவிடும். தயாரிப்பு எண்ணும் இருப்பிடமும் ஒன்றாக இருந்தால்தான் இது பலிக்கும். கல்யாணம், காதுகுத்து போன்ற மறுபடி வராத நாட்களுக்குப் பழைய ரோலை நம்பிப் போகாதீர்கள்.

உலகம் முழுதும் ஒரே கழுவுமுறை
இன்றைய ஸ்டில் கேமரா கலர் நெகட்டிவுக்கு சி-41 என்ற முறைதான். 1972இல் கோடாக் கொண்டுவந்தது. டெவலப்பரில் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி. அடுத்து பிளீச், ஃபிக்ஸர், கடைசியில் ஸ்டெபிலைசர். டெவலப்பர் கட்டத்தில்தான் வெப்பமும் நேரமும் பிசகக் கூடாது. பிளீச்சிலும் ஃபிக்ஸரிலும் சற்றுக் கூடுதலாக விட்டால் குற்றமில்லை. கழுவி முடிந்த நெகட்டிவில் நிற்பது சாயம். வெள்ளி முழுவதும் கரைந்து போயிருக்கும்.

நம் கோடைக்குக் கலரே எளிது
கறுப்பு-வெள்ளை டெவலப்பருக்கு வழக்கமான அளவு 20 டிகிரி. சென்னையின் மே மாதத்தில் அதற்கு ஐஸ்கட்டி தேட வேண்டும். கலருக்கோ 37.8 டிகிரி. குழாய்த் தண்ணீரைச் சற்றுச் சூடாக்கினால் போதும். வீட்டில் கலர் கழுவ அஞ்சுவோர் இதை நினைவில் வைக்கலாம். கையுறை மட்டும் கட்டாயம். கலர் டெவலப்பர் சிலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கும்.

கழுவும் நேரத்தை நீட்டாதீர்கள்
பழைய ரோல் வலுவிழந்திருக்குமே என்று டெவலப்பரில் கூடுதல் நேரம் ஊறவைக்கத் தோன்றும். படத்தோடு மூட்டமும் சேர்ந்தே வளரும். வெளிச்சத்தை எடுக்கும்போதே கூட்டிவிட்டு, கழுவும் நேரத்தை உள்ளபடி வைப்பதே சரி. முதலில் ஊறவிட்ட தண்ணீர் நிறம் மாறி வெளிவந்தால் பதற வேண்டாம். பிலிமின் அடிச்சாயம் கரைவதுதான் அது.

சி-41க்கு முந்திய ரோலா? பார்த்துக் கொடுங்கள்
அதற்கு முன் இருந்த சி-22 முறை ஏறக்குறைய 24 டிகிரி வெப்பத்துக்கு அமைந்தது. அந்தக் காலத்து ரோலை 38 டிகிரியில் போட்டால் ஜெலட்டின் இளகி உரிந்து வரலாம். ஒரு காலத்துத் தமிழ்ப் பட டைட்டில்களில் நாம் பார்த்த ஆர்வோ கலர், கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் நகரத்துத் தயாரிப்பு. அந்த நிறுவனத்தின் பழைய ஸ்டில் கேமரா கலர் ரோல்களுக்கும் கழுவுமுறை வேறு. டப்பாவில் என்ன முறை அச்சாகியிருக்கிறது என்று படித்த பிறகே லேபில் கொடுங்கள்.

சினிமா நெகட்டிவ் என்றால் சொல்லிவிடுங்கள்
பழைய சினிமா நெகட்டிவின் பின்புறம் கரிப்பூச்சு இருக்கும். சாதாரண லேப் மெஷினில் போனால் அந்தக் கரி கரைந்து, ரசாயனத்தையும் மற்றவர்களின் ரோல்களையும் கெடுத்துவிடும். படப்பிடிப்பில் மிஞ்சிய துண்டுச் சுருளைக் கேமராவுக்கு ஏற்றிக்கொண்டவர்கள் அதை மறைக்காமல் லேப்பில் சொல்வது கடமை.

நிறம் போனாலும் உருவம் மிஞ்சும்
நிற அடுக்குகள் கெட்டுவிட்டன என்று உறுதியானால் கலர் பிலிமைக் கறுப்பு-வெள்ளை டெவலப்பரில் கழுவலாம். மூட்டத்தை அடக்கிவைக்கும் கோடாக்கின் ஹெச்.சி.-110 இதற்குப் பெயர்பெற்றது. பென்சோட்ரையசோல் என்ற மருந்தைத் துளியளவு சேர்த்தும் மூட்டத்தைக் கட்டுப்படுத்துவார்கள். நெகட்டிவ் ஆரஞ்சு கலந்து அடர்த்தியாக வரும். ஸ்கேனரில் உருவம் தெளிந்துவிடும்.

இரு இசைக்கலைஞர்கள் கண்ட பிலிம்
1935இல் வந்த கோடாக்குரோம் பிலிமை உருவாக்கியவர்கள் லியோபோல்ட் மானஸ், லியோபோல்ட் கொடோவ்ஸ்கி. ஒருவர் பியானோ கலைஞர், மற்றவர் வயலின் கலைஞர். சாயம் உண்டாக்கும் பொருள் அந்தப் பிலிமில் இல்லை, கழுவும் ரசாயனத்தில்தான் இருந்தது. ஆகவே அதைக் கழுவுவது பெரிய ஆலை வேலை. 2009இல் கோடாக் தயாரிப்பை நிறுத்தியது. கன்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரில் இருந்த கடைசி லேப் 2010 டிசம்பர் 30 வரை ரோல்களை வாங்கிக்கொண்டது. இப்போது உங்கள் கையில் கோடாக்குரோம் ரோல் அகப்பட்டால் கறுப்பு-வெள்ளையாக மட்டுமே கழுவ முடியும்.

கடைசி ரோலில் இந்தியா
ஆலையிலிருந்து வந்த கடைசி கோடாக்குரோம் ரோல் ஸ்டீவ் மெக்கரியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆப்கன் சிறுமியின் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர். அந்த 36 படங்களில் நியூயார்க்கும் உண்டு, ராஜஸ்தானின் ரபாரி மக்களும் மும்பைத் திரையுலகினரும் உண்டு. கடைசிப் படங்களை பார்சன்ஸிலேயே எடுத்து, அங்கேயே கழுவக் கொடுத்தார்.

எல்லாமே தேதி கடந்தவை
நம் ஊர்க் கலர் லேப் பலகைகளில் பளிச்சென்று இருந்த கொனிகா, 2006இல் கேமரா, பிலிம் தொழிலை விடுவதாக அறிவித்தது. இன்று உலகில் எங்கே ஒரு கொனிகா கலர் ரோல் கிடைத்தாலும் அது தேதி கடந்ததே. அந்த நிறத்தை விரும்புவோருக்கு வேறு வழியும் இல்லை.

இளஞ்சிவப்புக் காடு
ராணுவ வேவுக்காக உருவான கோடாக் ஏரோக்குரோம் அகச்சிவப்பு பிலிம் பச்சை இலையை இளஞ்சிவப்பாகக் காட்டும். அதன் உற்பத்தி நின்றுபோன பிறகு, மிஞ்சிய சுருள்களைத் தேடிப்பிடித்து, அயர்லாந்துக் கலைஞர் ரிச்சர்ட் மோஸ் காங்கோவின் உள்நாட்டுப் போரைப் படமாக்கினார். 2013 வெனிஸ் கலைவிழாவில் அயர்லாந்தின் சார்பில் அது காட்டப்பட்டது. உலகம் பார்க்க மறந்த ஒரு போரை, ஆலை கைவிட்ட பிலிம் பார்க்க வைத்தது.

ஊட்டியின் 'இந்து'
உதகமண்டலத்தில் அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-களில் உருவானது. தூசு குறைந்த, குளிர்ந்த மலைக்காற்று பிலிம் தயாரிப்புக்கு ஏற்றது. 'இந்து' என்ற பெயரில் வந்த அதன் கறுப்பு-வெள்ளை ரோல்கள் இன்றும் சில வீடுகளில் கிடக்கின்றன. மாறிப்போக நிற அடுக்குகள் இல்லாததால் கறுப்பு-வெள்ளை பிலிம் கலரை விட நெடுநாள் தாங்கும். அந்த ரோல்களையும் எறிந்துவிடாதீர்கள்.

33 ஆண்டு பனியில்
ஸ்வீடனின் ஆந்திரே குழு 1897இல் பலூனில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டு மாண்டது. 1930இல் வெள்ளைத் தீவில் அவர்களின் உடல்களோடு எடுத்து முடித்த பிலிமும் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் அதைக் கழுவி 93 படங்களை மீட்டார். பிலிம் கறுப்பு-வெள்ளை, இடமோ பனி. இரண்டும் சேர்ந்து ஒரு பயணத்தின் கடைசி நாட்களைக் காப்பாற்றித் தந்தன.

எடுத்து முடித்த ரோலே அவசரம்
எடுக்காத பழைய ரோலுக்குக் கூடுதல் வெளிச்சம் கொடுத்து ஈடுகட்டலாம். எடுத்து முடித்துக் கழுவாமல் விட்ட ரோலுக்கு அந்த வாய்ப்பில்லை. அன்று விழுந்த வெளிச்சமே அதன் மூலதனம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பதிவு ஒவ்வொரு கோடையிலும் தேய்கிறது, மூட்டம் ஏறுகிறது. கலர் பிலிம் கழுவும் லேப்களும் நாளுக்கு நாள் குறைகின்றன. அதனால் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் அப்படி ஒரு ரோல் இருந்தால் இந்த மாதமே கழுவக் கொடுங்கள். கொடுக்கும்போது அதன் வயதையும் கிடந்த இடத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். நெகட்டிவைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.